கையை விட்டால் சாயும் விமானம்: உப்புக்காற்று ஊரில் ஜொய்ஸ்டிக் பிழை பார்க்கும் வழி

திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையிலிருந்து ஐந்து நிமிட நடையில் எங்கள் வீடு. ஜன்னல் கம்பிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்காவிட்டால் துரு பொரிந்து கையோடு வரும். அந்தக் காற்றுத்தான், கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக மேசையில் இருக்கும் ஜொய்ஸ்டிக்குக்குள்ளும் போகிறது. கண்டியில் ஐந்து வருஷம் நன்றாக ஓடிய ஸ்டிக் ஒன்று இங்கே வந்து இரண்டாவது மாரியிலேயே நடுங்கத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் மகனுக்கு விமானம் என்றால் உயிர். சீனன்குடாவில் பயிற்சி விமானம் கிளம்பும் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு முற்றத்துக்கு ஓடுவான். அவனுக்காகத்தான் முதல் ஸ்டிக்கைத் திறந்தேன். பிறகு அவனுடைய நண்பர்கள் கொண்டுவந்தார்கள், பிறகு நண்பர்களின் அண்ணன்மார். என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் திறக்கவே தேவைப்படவில்லை. பிழை கணினியின் அமைப்பில் இருந்தது, இல்லாவிட்டால் யூஎஸ்பி வயரில் இருந்தது, சில வேளை பிழையே இருக்கவில்லை. தேவையில்லாமல் திறந்து ஸ்பிரிங்கைத் தொலைத்து, நல்ல ஸ்டிக்கைப் பழுதாக்கிய பிள்ளைகளையும் பார்த்தேன். அதனால்தான் நோய்க்குறியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும் வழியை எழுதிவைக்கிறேன். திருகாணியைத் தொடுவது இதில் கடைசி வேலை.

எந்தக் குறியாக இருந்தாலும் முதலில் இது

சிமுலேட்டரை மூடுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் ஜே, ஓ, வை, புள்ளி, சி, பி, எல் என்ற எழுத்துகளை இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். செருகியிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளின் பட்டியல் வரும். உங்களுடையதைத் தெரிந்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஒரு சதுரத்துக்குள் சின்னக் குறுக்குக் குறி தெரியும். ஸ்டிக்கை அசைத்தால் அது ஓடும்.

இப்போது கையை எடுத்துவிட்டு அரை நிமிஷம் பேசாமல் பாருங்கள். குறி நடுவில் அசையாமல் நிற்கிறதா? பிறகு ஒவ்வொரு அச்சையும், அதாவது முன்-பின், இட-வலம், முறுக்கு என்று ஸ்டிக் அசையும் ஒவ்வொரு திசையையும், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக, பத்து விநாடி எடுத்து நகர்த்துங்கள். வழுக்கிக்கொண்டு போகிறதா, இடையில் துள்ளுகிறதா, கோடிவரை எட்டுகிறதா?

இங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் பிழை சிமுலேட்டரின் அமைப்பில், அல்லது பறக்கும் முறையில். இங்கேயே கோணல் என்றால் பிழை கருவியில், அல்லது அதன் வயரில். இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் நீங்கள் இதைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டுதான்.

ஓடுபாதையில் இடப்பக்கம் இழுக்கிறது

"மாமா, ஸ்டிக் பழுது. டேக்ஓஃப் எடுக்கேக்க இடப்பக்கம் இழுக்குது." மருமகன் முதல் வாரத்தில் சொன்னது இது. அவன் எடுத்தது செஸ்னா 172, மூக்கில் ஒரே விசிறி உள்ள சின்ன விமானம். சீனன்குடா ஓடுபாதை 06 இல் நின்று த்ரொட்டிலை, அதாவது எஞ்சின் வலுவைக் கூட்டும் நெம்புகோலை, முழுதாகத் தள்ளினால், மூக்கு இடப்பக்கப் புல்லுக்குப் போய்விடுகிறது.

ஸ்டிக்கில் ஒன்றும் இல்லை. அந்த விமானம் அப்படித்தான் செய்ய வேண்டும். செஸ்னாவின் விசிறி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது பின்னால் தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுருளாக ஓடி, வாலின் நிமிர்ந்த துடுப்பை இடப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. வால் வலத்துக்குப் போக, மூக்கு இடத்துக்கு வருகிறது. எஞ்சின் விசிறியை ஒரு பக்கம் சுற்ற, உடல் மறுபக்கம் உருளப் பார்ப்பதால் இடச் சில்லில் அழுத்தமும் கூடுகிறது. மூக்கைத் தூக்கிய பிறகு இன்னொன்று சேர்கிறது: வலப்பக்கம் கீழிறங்கும் இதழ், இடப்பக்கம் ஏறும் இதழைவிடக் கூடுதலாக இழுக்கும். மூன்றும் ஒரே திசை. அதற்காகத்தான் உண்மையான ஓட்டுநர்கள் வலக்காலை அழுத்திக்கொண்டே கிளம்புகிறார்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. சிமுலேட்டரில் காற்றைப் பூச்சியமாக்குங்கள். இரட்டை ஜெட் எஞ்சின் விமானம் ஒன்றை, ஏ320 இருந்தால் அதை, அதே ஓடுபாதையில் வையுங்கள். இரண்டு எஞ்சினும் சமமாக ஏறும்போது அது நேரே போனால் உங்கள் கருவி சுத்தம். அதுவும் இடப்பக்கம் போனால், மூக்கை இட வலம் திருப்பும் சுக்கானின் அச்சைப் பாருங்கள். ஸ்டிக்கை முறுக்கும் அச்சு, அல்லது பெடல், நடுவில் நிற்காமல் இருக்கும்.

முறுக்கும் ஸ்டிக்கில் இன்னொரு சங்கதி. இடப்பக்கம் சாய்க்கும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் முறுக்கும். கை பழகும் வரை முறுக்கு அச்சுக்கு மட்டும் நடுவில் ஒரு செயலற்ற பகுதியை, அதாவது அசைத்தாலும் சிமுலேட்டர் கணக்கில் எடுக்காத இடத்தை, 5% அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் சுக்கானைத் தானே பார்த்துக்கொள்ளும் உதவி வசதியும் இருக்கிறது. நான் அதை அணைக்கச் சொல்வேன். வலக்காலால் அந்த இழுப்பைப் பிடித்து நிறுத்தி, துறைமுகத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட நேர் எதிரே கோணேசர் மலை எழும்புவதைப் பார்ப்பதுதான் எங்கள் ஊரிலிருந்து பறப்பதன் இன்பம். அதைக் கணினியிடம் கொடுத்துவிடக் கூடாது.

நேரே பறக்கும்போது மெல்ல மெல்லச் சாய்கிறது

கையை எடுத்த ஒரு நிமிஷத்துக்குள் இறக்கை ஒரு பக்கம் தாழ்கிறது, அல்லது மூக்கு ஏறிக்கொண்டே போகிறது. மூக்கு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் முதலில் ட்ரிம்மை, அதாவது கையை எடுத்தாலும் மூக்கை ஒரே நிலையில் நிறுத்தும் அமைப்பை, பாருங்கள். வேகம் மாறினால் ட்ரிம்மும் மாற வேண்டும். அது கருவியின் குற்றம் இல்லை.

இறக்கை சாய்கிறது, சோதனைச் சதுரத்தில் குறி நடுவில் நிற்கிறது என்றால், ஒரே அச்சை இரண்டு கருவிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. புதிதாகப் பெடல் அல்லது த்ரொட்டில் செருகும்போது, சிமுலேட்டர் தானாகவே அதற்குச் சில அச்சுகளை ஒதுக்கிவிடும். ஸ்டிக்கின் முறுக்கும் பெடலும் ஒரே சுக்கானுக்குக் கட்டளை கொடுக்கும். ஒன்று நடு என்கிறது, மற்றது கொஞ்சம் இடம் என்கிறது. பழைய கேம்பேட் ஒன்று செருகியபடியே மேசைக்குப் பின்னால் விழுந்துகிடந்து பிழை தந்ததையும் கண்டிருக்கிறேன். கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு கருவியாகத் திறந்து, தேவையில்லாத ஒதுக்கீட்டை அழித்துவிடுங்கள்.

சதுரத்திலேயே குறி நடுவை விட்டு விலகி நின்றால், வயரைக் கழற்றி, ஸ்டிக்கைத் தொடாமல் மறுபடி செருகுங்கள். சில கருவிகள் செருகும் நேரத்தில் எங்கே நிற்கின்றனவோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். செருகும்போது ஸ்டிக்கில் கை சாய்ந்திருந்தால் அன்று முழுக்கக் கோணல்தான். அதற்கும் சரிவரவில்லை என்றால் விண்டோஸின் காலிபிரேஷன் பக்கத்தில், அதாவது ஸ்டிக்கின் நடுவையும் கோடிகளையும் கணினிக்குக் காட்டிக்கொடுக்கும் இடத்தில், பழைய நிலைக்கு மீட்கும் பட்டனை அழுத்துங்கள். முன்பு யாரோ அவசரத்தில் செய்த காலிபிரேஷன்தான் பல நேரம் பிழையாகக் கிடக்கும். மீட்ட பிறகும் கோணல் என்றால் புதிதாக ஒரு தடவை செய்யுங்கள், நான்கு மூலைக்கும் முழுதாகக் கொண்டுபோய்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் சின்ன விலகலுக்கு 3% செயலற்ற பகுதி போதும். 10%, 15% என்று வைத்துப் பிழையை மூடி மறைக்காதீர்கள். தரையிறங்கும் கடைசி நூறு அடியில் உங்களுக்கு வேண்டியதே அந்த நடுப்பகுதியின் நுண்ணிய அசைவுதான்.

அச்சு துடிக்கிறது, துள்ளுகிறது

உப்புக்காற்றின் வேலை அதிகம் தெரிவது இங்கேதான்.

பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழைத் திருகும்போது கரகரவென்று ஒரு இரைச்சல் வருமே, ஞாபகம் இருக்கிறதா? குமிழின் உள்ளே இருப்பது பொட்டென்சியோமீட்டர். வேலை செய்பவர்கள் பொட் என்பார்கள். பிறை வடிவக் கரித்தடத்தின் மேல் ஒரு மெல்லிய உலோக விரல் உரசிக்கொண்டு நகரும். விலை குறைந்த ஸ்டிக்குகளின் அச்சுகளில் பெரும்பாலும் அதே சாமான்தான். தடத்தில் ஈரமும் தூசும் படிந்தால் விரல் துள்ளும். அங்கே ரேடியோ கரகரக்கிறது, இங்கே விமானம் உதறுகிறது. ஸ்டிக் அதிக நேரம் நடுவிலேயே ஆடுவதால் தடம் நடுவில்தான் முதலில் தேயும்.

திறக்குமுன் துள்ளல் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் துள்ளினால் அழுக்கு அல்லது தேய்மானம். வயரை அசைக்கும்போது துள்ளினால் உள்ளே வயர் அறுந்துகொண்டிருக்கிறது. கையே வைக்காமல், போன் சார்ஜரைச் செருகும்போதோ மின்விசிறியைப் போடும்போதோ துடித்தால் மின்சாரம் வழியாக வரும் இரைச்சல். சார்ஜரை வேறு பிளக்குக்கு மாற்றி, மடிகணினியை பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் ஸ்ப்ரேயைக் கையில் எடுக்க வேண்டாம்.

அழுக்கு என்று தெரிந்தால், முதலில் திறக்காத வைத்தியம்: யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு அந்த அச்சைக் கோடிக்குக் கோடி ஐம்பது தடவை ஆட்டுங்கள். மெல்லிய படிவு என்றால் விரலே துடைத்துவிடும். சில கிழமைக்கு நிம்மதி கிடைக்கும்.

திறக்கத்தான் வேண்டும் என்றால், மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொண்டு திறவுங்கள். ஸ்டிக்கின் அடியில் பெரிய ஸ்பிரிங் அமுங்கி இருக்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால் பறந்துவிடும். ரப்பர்ப் பாதத்தின் அடியிலும் ஒரு திருகாணி ஒளிந்திருக்கலாம், அதைக் காணாமல் நெம்பினால் பிளாஸ்டிக் பிளக்கும். பொட் தெரிந்ததும், அதன் கால்கள் வெளியே வரும் இடத்தில் இருக்கும் சின்ன இடுக்கு வழியாக கொன்டாக்ட் கிளீனர் ஒரு தடவை, இரண்டு தடவை, அவ்வளவுதான். தண்டைக் கோடிக்குக் கோடி முப்பது நாற்பது தடவை திருப்புங்கள். அரை மணி நேரம் காயவிடுங்கள்.

என்ன ஊற்றுகிறோம் என்பதில் கண்டிப்பாக இருங்கள். பிளாஸ்டிக்குக்குக் கேடில்லை என்று டப்பாவில் எழுதியிருக்கும் கொன்டாக்ட் கிளீனர் சரி. 99% ஐசோபுரொப்பைல் அல்ககோலும் சரி, ஆனால் அது தண்டில் இருக்கும் கிரீஸையும் கழுவிவிடும். ஃபார்மசியில் காயத்துக்குத் தரும் ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானமும் இருக்கும், வேண்டாம். சாதாரண டபிள்யூடி-40 துருப்பிடித்த பூட்டுக்கு நல்லது, கரித்தடத்தில் எண்ணெய்ப் படலத்தை விட்டுத் தூசைச் சேர்க்கும். பெற்றோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் கிட்டவே வேண்டாம், பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும். ஒரு தம்பி தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்தான். உள்ளே எல்லாம் பிசின் பிடித்தமாதிரி இருந்தது. துடைத்து எடுக்க ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது.

கழுவியும் துள்ளினால் தடம் தேய்ந்துவிட்டது. மாற்றலாம். பொட்டின் முதுகில் பி10கே என்று இருந்தால், 10 கிலோ ஓம், நேர்விகிதத்தில் மாறுவது என்று பொருள். பி என்பதற்குப் பதில் ஏ என்று இருப்பது ரேடியோ சத்தத்துக்கானது. அதைப் போட்டால் ஸ்டிக்கின் ஒரு பாதி மந்தமாகவும் மறு பாதி வெறிகொண்டமாதிரியும் நடக்கும். டிவி, ரேடியோ திருத்தும் கடையில் பொட் கேட்டால் இந்த எழுத்தைக் கவனிக்காமல் கொடுத்துவிடுவதுண்டு, நீங்கள் பார்த்து வாங்குங்கள். தண்டின் நீளம், வெட்டு, திரும்பும் கோணம் எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் இரண்டு கரைக் கால்களுக்கு இடையே அளவு மாறாமல் நிற்கிறதா, நடுக்காலுக்கும் கரைக்காலுக்கும் இடையே சீராக ஏறுகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். வயர்களின் நிறத்தை எழுதிவைத்த பிறகுதான் ஈயத்தை உருக்குங்கள்.

உங்கள் ஸ்டிக்கில் ஹோல் சென்சர் இருந்தால் இந்தக் கதையே வேறு. காந்தம் நகர்வதைத் தொடாமலே உணரும் சென்சர் அது. 1879 இல் எட்வின் ஹோல் கண்டுபிடித்த விளைவின் மேல் நிற்பது. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. அது துடித்தால் பக்கத்தில் ஒலிபெருக்கியோ காந்த மூடி போட்ட போனோ இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே காந்தத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுங்கள். ஆனால் ஒன்று, அச்சுக்கு ஹோல் என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லா அச்சுக்கும் அதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தரஸ்ட்மாஸ்டர் டி16000எம் ஸ்டிக்கில் முன்-பின், இட-வலம் இரண்டும் ஹோல். முறுக்கு அச்சு பொட்தான்.

பறந்துகொண்டிருக்கும்போது தொடர்பு அறுகிறது

விண்டோஸ் "டிங்" என்று ஒரு ஒலி எழுப்பும், ஸ்டிக் செத்துவிடும், சில விநாடியில் உயிர் வரும். தரையிறங்கும் நேரத்தில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

யூஎஸ்பி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய தகடுகள் மங்கி, ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் கடற்காற்று வேலையைக் காட்டிவிட்டது. ஐசோபுரொப்பைல் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு நாலைந்து தடவை செருகி எடுங்கள். ஒரு யூஎஸ்பி 2.0 துளை கொடுக்கக்கூடியது 500 மில்லிஆம்பியர். ஒரு துளையைப் பல துளையாக்கும் விலை குறைந்த ஹப்பில் யோக் (விமானத்தின் ஸ்டியரிங் மாதிரியான பிடி), பெடல், த்ரொட்டில், வெளிச்சம் போடும் கீபோர்ட் எல்லாம் தொங்கினால் அந்த ஒரு துளையைத்தான் எல்லாரும் பங்குபோடுகிறார்கள். ஸ்டிக்கைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேரே செருகுங்கள். ஹப் வேண்டும் என்றால் தனி அடப்டர் உள்ளது வாங்குங்கள். நீட்டும் வயரையும் சேர்த்து நீளம் 5 மீற்றரைத் தாண்டக் கூடாது.

அடுத்து விண்டோஸின் மின்சேமிப்பு. டிவைஸ் மனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றையும் திறந்து, மின்சாரம் மிச்சம்பிடிக்க இதை அணைக்கலாம் என்ற சரிக்குறியை எடுத்துவிடுங்கள். பவர் ஒப்ஷன்ஸிலும் யூஎஸ்பி செலெக்டிவ் சஸ்பென்ட் என்பதை நிறுத்துங்கள். மடிகணினியில் இந்த ஒன்றே பல பேருக்குத் தீர்வாக இருந்தது.

துளையை மாற்றிச் செருகினால் சில கருவிகளை சிமுலேட்டர் புதியது என்று நினைத்து, உங்கள் ஒதுக்கீடுகளை மறந்துவிடும். எந்த வயர் எந்தத் துளை என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

த்ரொட்டில் பாதிக்கு மேல்தான் கேட்கிறது

மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டரில் த்ரொட்டில் அச்சு இரண்டு பெயரில் இருக்கிறது. ஒன்றில் 0 முதல் 100% என்ற சேர்க்கை உண்டு. ஒன்றைப் போட்டால் நெம்புகோலின் முதல் பாதி வெறுமையாகப் போகிறது என்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள். முழுக்கத் தலைகீழ் என்றால் அச்சைத் திருப்பும் குறியைப் போடுங்கள். ஃப்ளைபைவயர் குழுவின் இலவச ஏ320 இல், விமானத்துக்குள் இருக்கும் டாப்லெட்டிலேயே த்ரொட்டிலுக்குத் தனிக் காலிபிரேஷன் இருக்கிறது. அதைச் செய்யாமல் அந்த விமானத்தில் எதையும் சரிபார்க்க முடியாது.

எஞ்சின் முழங்குகிறது, விமானம் நகரவில்லை

பார்க்கிங் பிரேக் இல்லை என்று உறுதியா? அப்படியானால் பெடல் முனையில் இருக்கும் பிரேக் அச்சு தலைகீழாக இருக்கிறது. கால் வைக்காதபோது முழு பிரேக், அழுத்தினால் விடுதலை. இட, வல பிரேக் இரண்டையும் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் திருப்பிவிடுங்கள். புதுப் பெடல் வாங்கியவர்களில் நிறையப் பேர் முதல் நாள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இறுக்கம், கரகரப்பு, நடுவில் தொளதொளப்பு

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் இடத்தில் கிரீஸ் காய்ந்தால் ஸ்டிக் ஓரிடத்தில் ஒட்டி, பிறகு சட்டென்று நகரும். மூக்கை அரை பாகை தூக்க நினைத்தால் மூன்று பாகை ஏறும். பழைய கிரீஸைத் துணியால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள், நெல்மணி அளவு எடுத்தால் போதும். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். அது வழிந்து சென்சர் பக்கம் போகும், சில பிளாஸ்டிக்கில் நாளடைவில் வெடிப்பும் விழும். யோக் என்றால் உள்ளே போய்வரும் தண்டைத்தான் முதலில் துடைக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்து மணல் தூள் அதில்தான் போய் அப்புகிறது.

நடுவில் தொளதொளப்பு வேறு. அது ஸ்பிரிங் களைத்ததால், அல்லது அச்சுத் துளை அகன்றதால் வருவது. ஸ்பிரிங் மாற்றினால் பாதி குறையும். அகன்ற துளைக்கு வைத்தியம் இல்லை.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை

கியர் பட்டனை அழுத்தினால் கியர், அதாவது விமானத்தின் சில்லு, இறங்கி உடனே ஏறும். பட்டன் வேலையே செய்யவில்லை என்று தோன்றும். சோதனைச் சதுரத்தின் கீழே பட்டன் விளக்குகளைப் பாருங்கள், ஒரு அழுத்தத்துக்கு இரண்டு மின்னல் வந்தால் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் போய்விட்டது. மாற்றும் வரைக்கும் முக்கியமான வேலையை வேறு பட்டனுக்குக் கொடுங்கள்.

பெடல் காலை விட்டு ஓடுகிறது

சீமெந்துத் தரையிலும் டைல்ஸிலும் இது இருக்கும். சில்லு வைத்த நாற்காலி என்றால் பெடலை அழுத்த நீங்கள்தான் பின்னால் போவீர்கள். நாற்காலியை மாற்றுங்கள், சாப்பாட்டு மேசை மரக்கதிரை போதும். பெடலுக்குப் பின்னால் சுவர் வரைக்கும் ஒரு பலகைத் துண்டை அளந்து வைத்தால் அசையாது.

வாங்கப் போகிறவர்களுக்கு

விற்கும் கடையில் எது பளபளப்பு என்பதைவிட, பழுதானால் நம் ஊரில் திருத்த முடியுமா என்பதைக் கேட்டு வாங்குங்கள். உதிரிப்பாகம் தேடிக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ எழுத வேண்டிய இடத்தில் இருக்கிறோம்.

முதல் கருவி முறுக்கு அச்சும் சின்ன த்ரொட்டிலும் உள்ள ஒரு ஸ்டிக். அதுவும் தொடாத சென்சர் உள்ளது. டி16000எம், அதன் வழியில் வந்த ஏர்பஸ் சைட்ஸ்டிக், கொஞ்சம் கூடக் காசு இருந்தால் விகேபி கிளேடியேட்டர் என்எக்ஸ்டி. டி16000எம்மை இடக்கையாலும் பிடிக்கலாம், இடக்கைப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அது பெரிய விஷயம். உங்கள் பட்ஜெட்டுக்குப் பொட் ஸ்டிக்தான் எட்டும் என்றால் தயங்காமல் வாங்குங்கள், மேலே சொன்ன மாதிரி கழுவித் திருத்தக்கூடியது அதுதான்.

இரண்டாவது, எல்லாரும் யோக்குக்குப் போவார்கள். நான் பெடலுக்குப் போகச் சொல்வேன். செஸ்னாவின் இடப்பக்க இழுப்பை மணிக்கட்டால் பிடிப்பதற்கும் காலால் பிடிப்பதற்கும் நடுவே அவ்வளவு வித்தியாசம். யோக் பிறகு வரட்டும். வாங்கும்போது எத்தனை பாகை திரும்புகிறது என்று பாருங்கள். ஹனிகோம்ப் ஆல்ஃபா முழுதாக 180 பாகை திரும்பும், அதற்குக் குறைந்தால் கை அசைவு நெருக்கமாக இருக்கும். கவ்வி பிடிக்கும் அளவுக்கு மேசைப் பலகை கனமா என்பதையும் அளந்துகொண்டு போங்கள். ஏர்பஸ் மட்டும் ஓட்டுகிறவருக்கு யோக் தேவையே இல்லை, அந்த விமானத்தில் இருப்பது சைட்ஸ்டிக், ஓட்டுநரின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்டிக்.

பழையது வாங்குகிறவர்கள் மடிகணினியைக் கையோடு கொண்டுபோங்கள். விற்பவரின் முன்னாலேயே அந்தச் சோதனைச் சதுரத்தைத் திறந்து ஒவ்வொரு அச்சையும் பத்து விநாடி எடுத்து நகர்த்திப் பாருங்கள். நல்ல ஸ்டிக் வைத்திருப்பவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

மாரி வருமுன்

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி தொடங்கினால் ஸ்டிக்கையும் கணினியையும் பிளக்கிலிருந்தே கழற்றுங்கள், இன்டர்நெட் வயரையும் சேர்த்து. சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பறக்காத நாளில் மூடி போட்டு வையுங்கள். பழைய தலையணை உறை நல்லது, பொலித்தீன் பை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். கிழமைக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வைக்கலாம். அந்தப் பொதிகளைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்துகிறவர்கள் சமைக்கும் சட்டியில் செய்ய வேண்டாம், நிறம் மாறும் வகைகளில் நஞ்சு கலந்திருக்கலாம்.

மருமகன் ஒரு கொப்பி வைத்திருக்கிறான். மாதம் முதல் ஞாயிறு ஸ்டிக்கைத் துடைத்து, சதுரத்தைத் திறந்து, குறி நடுவில் நிற்கிறதா, எந்த அச்சில் எந்த இடத்தில் துள்ளுகிறது என்று திகதி போட்டு எழுதுகிறான். போன தை மாதம் முறுக்கு அச்சில் "நடுவுக்குக் கொஞ்சம் வலம், சின்னத் துடிப்பு" என்று எழுதியிருந்தான். பங்குனியில் அதே இடம், கொஞ்சம் பெரிது. சித்திரை விடுமுறையில் இரண்டு பேருமாகத் திறந்து, கழுவி, மூடினோம். இந்தத் தடவை ஸ்பிரிங்கை அவன்தான் பிடித்தான்.